அண்டரண்டம் பார்த்துத் தூங்கியவர்

அரவிந்த்குமார் சொன்னது மொத்தமே இரண்டு வாக்கியம். அதையும் அவராகத் தேடிப் போய்ச் சொல்லவில்லை. முதல் காட்சி முடிந்து, தியேட்டர் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டிருந்தவரின் வாய்க்கு நேரே ஒரு மைக் வந்து நின்றது. பிடித்திருந்தவர் மல்லாங்கிணறு ஜெயபாண்டி. ‘கத்தாழை டிவி’ என்று யூடியூபில் சேனல் நடத்துகிறவர்.

முதல் காட்சி பார்த்தவர்கள் மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. வெறித்தனம், வேற லெவல், புல்லரிச்சிருச்சு, தியேட்டர் சிதறுது. இவற்றில் ஒன்றைக் கத்திவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஏறிக்கொள்ள வேண்டும். அரவிந்த்குமாருக்கு முன்னால் பேசியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் உள்ளேயே போகாதவர். அடுத்த காட்சிக்கு டிக்கெட்டோடு நின்றிருந்தார். அவரும் தியேட்டர் சிதறுகிறது என்றார்.

"படம் எப்படிண்ணே?"

"மொதப் பாதி பரவால்ல தம்பி. அந்தப் பறவ வந்ததுக்குப் பெறகு எனக்குத் தூக்கம் வந்துருச்சு."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு போர்வைக் கடையில் அவருக்கு வேலை. இந்தச் சாயம் முதல் தண்ணியில் கொஞ்சம் போகும், பிறகு நிற்கும் என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுகிற ஆள். கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு கொள்கை எதுவும் கிடையாது.

சினிமாவைப் பற்றி அவருக்குக் கருத்துகள் இருந்தன. முன்பெல்லாம் கதாநாயகன் வில்லனை அடிப்பான். இப்போது ஊரை அடிக்கிறான், வில்லன் அந்த ஊரில் எங்கோ இருக்கிறான். ‘அவன் யார் தெரியுமா’ என்று ஆளாளுக்கு அரை மணி நேரம் சொல்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் அவனிடம் போய் வம்பு வளர்க்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை. கதாநாயகி ஒரு பாட்டுக்கும் ஒரு சாவுக்கும் வருகிறாள். எல்லாம் முடிந்து செருப்பைத் தேடும்போது பக்கத்து மாநிலத்து நடிகர் ஒருவர் சுருட்டோடு வந்து, மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்கிறார். இத்தனைக்கும் பிறகு அரவிந்த்குமார் அடுத்த படத்துக்கும் முதல் காட்சிக்கே போவார். ஒருவேளை நன்றாக இருந்துவிட்டால் என்ற ஆசைதான்.

‘அண்டரண்டம் – முதல் பாகம்’ சூறாவளி அமரேஷ் நடித்த படம். அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் இதில் முதல் பாதியில் கல்லூரி மாணவர். துறைமுகத்தில் நூறு பேரைச் சுடும்போது அவருக்குப் பூர்வ ஜென்மம் ஞாபகம் வருகிறது. அந்த ஜென்மத்தில் அவர் மன்னர். அண்டரண்டப் பறவையின் முதுகில் ஏறி ஏழு கடல் தாண்டிப் போய், அங்கேயும் சுடுகிறார். மன்னர் காலத்தில் துப்பாக்கி எப்படி வந்தது என்பது இரண்டாம் பாகத்தில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மாலைக்குள் அரவிந்த்குமாரின் இரண்டு வாக்கியம் திருச்சுழி, காரியாபட்டி எல்லாம் சுற்றிவிட்டு, அருப்புக்கோட்டையில் சென்னய்யாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது. அங்கேதான் அரவிந்த்குமாரின் வாழ்க்கை நின்றது. சென்னய்யா, சூறாவளி அமரேஷ் தலைமை நற்பணி மன்றத்தின் நகரத் தலைவர். அதுவாவது போகட்டும். சென்னய்யாவின் மகள் தேவிபிரியாவுக்கும் அரவிந்த்குமாருக்கும் போன மாதம்தான் நிச்சயம் முடிந்திருந்தது. ஆவணியில் கல்யாணம்.

சென்னய்யா ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர் குடும்பம், அரவிந்த்குமார் வீடும் அப்படித்தான். கோபம், கடவுள், ரத்தக் கொதிப்பு எல்லாம் அவருக்குக் கன்னடத்தில்தான். அண்ணன் மட்டும் தமிழில். அன்றைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். விஷயம் அண்ணனைப் பற்றியது என்று அரவிந்த்குமாரின் அம்மா பாலாமணிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கல்யாணத்த நிறுத்தல சம்பந்தி. நிலுவையில வச்சிருக்கோம். மாப்ளைய ஞாயித்துக்கெழமை மன்றத்துக்கு வரச் சொல்லுங்க. கருத்து ஒழுங்குக் குழு கூடுது."

மன்ற அலுவலகம் ஃபிளெக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரில் நற்பணிகளின் படங்கள். அடைமழையில் தண்ணீர்ப் பந்தல் திறந்தது, அதே ஏழு பேருக்கு ஏழு வருடமாக இலவச வேட்டி கொடுத்தது, அண்ணன் பிறந்தநாளன்று பிறந்த குழந்தைக்கு மோதிரம் போட்டுவிட்டுப் படம் எடுத்ததும் கழற்றிக்கொண்டது. அரவிந்த்குமாரை அந்தப் படங்களுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

செயலாளர் பரளச்சி மருதுபாண்டி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நாங்க கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரிக இல்ல. யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம். நல்லதுன்னா ஒடனே சொல்லலாம். நல்லதில்லன்னா படம் தியேட்டர விட்டுப் போன பெறகு சொல்லலாம். இதுல அடக்குமுறை எங்கருந்து வந்துச்சு? அம்பத்தாறு நாடும் பாத்துக் கும்புட்ட படம். அதுல இவருக்குத் தூக்கம் வருதுன்னா அது படத்தோட தப்பா, இவரு ஒடம்போட தப்பா? டாக்டர்ட்ட சொல்ல வேண்டியத மைக்குல சொல்லியிருக்காரு."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். சென்னய்யா வருங்கால மருமகனை நேராகப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த எடத்துலண்ணே ஒங்களுக்குத் தூக்கம் வரல?" என்று அரவிந்த்குமார் கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் நாமும் விழித்திருக்கலாமே என்றுதான் கேட்டார்.

மருதுபாண்டி கொஞ்சம் யோசித்தார். "நான் இன்னும் முழுசாப் பாக்கலங்க. மொத நாளு கட்டவுட்டுக்குப் பாலூத்தி எறங்கவே இண்டர்வெல் ஆயிருச்சு. உள்ள போனா எல்லாம் எந்திரிச்சு ஆடுறாய்ங்க. ஆடுனதுல தெரை தெரியல."

"பேப்பர் கிழிச்சு வீசுற பொறுப்பு எனக்கு" என்றார் ஒருவர். "குனிஞ்சு பொறக்கி, திருப்பி வீசணும்ல. நிமிரவே முடியல." இன்னொருவர் வெடி போட வெளியே நின்றவர். பட்டாசுப் புகையில் இருமல் வந்து வீட்டுக்குப் போய்விட்டார். விசாரித்துக்கொண்டே வந்ததில், அந்த அறையில் படத்தை முழுதாகப் பார்த்த ஆள் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே என்று தெரியவந்தது. அவரும் பாதி தூங்கியவர்.

"ரசிகனுக்குப் படம் பாக்க எங்க நேரம் இருக்கு?" என்றார் சென்னய்யா. முப்பது வருடமாக அவர் அண்ணனின் ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதைப் பெருமையாகவே சொன்னார். அதற்கு முன்னால், மன்றத்தில் சாதாரண உறுப்பினராக இருந்தபோது ஏதோ ஒன்றிரண்டு பார்த்திருக்கிறார். பொறுப்பு கூடக் கூட அது குறைந்துவிட்டது.

குழு தீர்மானம் போட்டது. அரவிந்த்குமார் மறுபடி படம் பார்க்க வேண்டும். தூங்காமல் பார்க்கிறாரா என்று கவனிக்க இரண்டு பக்கமும் மேற்பார்வையாளர்கள் உட்கார்வார்கள். கருத்து திருந்தும் வரை கல்யாணம் நிலுவையில் இருக்கும்.

அன்று மாலை தேவிபிரியா போன் செய்தாள். காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நிச்சயத்தன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அரவிந்த்குமார் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டு வந்தவர்.

"ஒங்க கொரலயே அந்த வீடியோவுலதான் கேட்டேன்" என்றாள். "எங்க வீட்டுல மாப்ள எப்படின்னு கேட்டப்ப, சரிம்மான்னு மட்டுந்தான் சொல்லியிருந்தேன். வீடியோவப் பாத்த பெறகுதான் எனக்குப் புடிச்சுச்சு. எங்கப்பா காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்ல."

அரவிந்த்குமாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு கேட்டார். "இப்ப நான் என்ன செய்யிறது?"

"அவுக சொல்றதச் செஞ்சிருங்க. இல்லன்னா அப்பா எறங்கி வர மாட்டாக, அம்மா அழுவாக. ஆனா எங்கிட்ட மட்டும் அவுக சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சிராதீக."

மேற்பார்வையாளர்களாக மருதுபாண்டியும் வெடி போடுகிறவரும் வந்தார்கள். கூட்டம் குறைந்த பகல் காட்சி. பறவை வந்த கொஞ்ச நேரத்தில் அரவிந்த்குமாரின் இடது தோளில் ஒரு தலை சாய்ந்தது. பிறகு வலது தோளில் ஒன்று. கல்யாணத்தை நினைத்து அவர் மட்டும் தொடையைக் கிள்ளிக்கொண்டு பார்த்தார். ஆடாத, கத்தாத, பேப்பர் பறக்காத தியேட்டரில் அந்தப் பறவையை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். அது தன் குஞ்சை விட்டுவிட்டு மன்னரைச் சுமந்து வருகிறது. ஒரு கடலில் அம்பு பட்டு ரெக்கை கிழிகிறது. கடைசித் தீவில் மன்னர் இறங்கி, சுட வேண்டியவர்களைச் சுடப் போய்விடுகிறார். பறவை அங்கேயே பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கூட்டிப் போக யாரும் திரும்பி வரவில்லை. படத்தை எடுத்தவர்களுக்கே அது மறந்துவிட்டது. அரவிந்த்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க மாப்ள, எப்படி?" என்றார் சென்னய்யா, மறுநாள் மாடியில்.

"அந்தப் பறவ பாவம் மாமா."

இது ஆதரவா எதிர்ப்பா என்பதில் குழுவுக்குள் பிளவு ஏற்பட்டது. சொல்லும்போது கண் கலங்கினார், எனவே ஆதரவு என்றது ஒரு தரப்பு. பறவை பாவம் என்றால் அதன் மேல் ஏறியவர் யார், அண்ணன்தானே என்று கேட்டார் மருதுபாண்டி. விருதுநகர் மாவட்டத் தலைமைக்குப் போன் போட்டார்கள். அண்ணனைத் தவிர படத்தில் வேறு யாரைப் பார்த்தாலும் அது எதிர்ப்புதான் என்று அங்கிருந்து பதில் வந்தது.

கடைசியில் பரிகாரம் முடிவாயிற்று. அரவிந்த்குமார் அண்ணனின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றி, கத்தாழை டிவி முன்னால் தன் கருத்தைத் திரும்பப் பெற வேண்டும். முதல் நாள் ஊற்றிய பால் காய்ந்து ஈ மொய்த்ததால் கட்டவுட்டை முதலில் கழுவ வேண்டியிருந்தது. தெருவுக்கு வந்த தண்ணீர் லாரியை அப்படியே தியேட்டருக்குத் திருப்பினார்கள். லாரிக்குப் பின்னாலேயே குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள்.

"அவருக்கு ஊத்துனது போக மிச்சம் இருந்தா எங்களுக்கு உண்டுமாப்பா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி என்ற அம்மாள். நற்பணியைக் குறுக்கே பேசித் தடுக்க வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டார்கள்.

அரவிந்த்குமார் ஏணியில் ஏறிப் பால் ஊற்றினார். அண்ணனின் மூக்கு வரைதான் எட்டியது. கீழே இறங்கி, மருதுபாண்டி சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தார்.

"அன்று எனக்கு வந்தது தூக்கம் அல்ல. பரவசத்தில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வெளிச்சம் தாங்கவில்லை. அண்டரண்டம் படத்தில் தூங்கக்கூடிய இடம் எதுவுமே இல்லை என்று உளமார அறிவிக்கிறேன்."

வேட்டு போட்டார்கள். சென்னய்யா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். கல்யாண ஃபிளெக்ஸைக்கூட அன்றே வடிவமைத்துக் காட்டினார். இருபதடி உயரத்தில் அண்ணன். அண்ணனின் பெல்ட்டுக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற அளவில், மணமக்கள். ஆவணிக்கு ஒரு தடையும் இல்லை என்று பாலாமணி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டு வந்தாள்.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அண்ணன் வாயைத் திறந்தார்.

அடுத்த படத்துக்காக ஒரு பேட்டி கொடுத்தார். ‘அண்டரண்டம்’ நான் செய்த தவறு, டைரக்டரை நம்பிவிட்டேன், முதல்முறை போட்டுப் பார்த்தபோது அந்தப் பறவை வந்ததும் எனக்கே தூக்கம் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடியது. அரவிந்த்குமாரை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தனக்கு மாலை போடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அவர் நல்ல சட்டையில் வந்திருந்தார்.

"அண்ணன் தூங்கியிருக்காக" என்று ஆரம்பித்தார் மருதுபாண்டி. குரல் தழுதழுத்தது. "அண்ணனே தூங்குன படத்துல தூங்குறதுக்கு எடமே இல்லன்னு ஒருத்தரு, நம்ம ஊர்க்காரரு, மைக்குல சொல்லியிருக்காரு. அப்ப அண்ணன் பொய் சொல்றாகளா? அண்ணன விட இவருக்குப் படம் தெரியுமா? பொறந்த நாள்லருந்து நாங்க ஒரே கருத்துலதான் இருக்கோம். அண்ணன் என்ன சொல்றாகளோ அது. இடையில அவுக மாத்திக்கிட்டா நாங்க என்ன பண்ண முடியும்? மாறாம நிக்கிறது நாங்கதான்."

"நான் தூங்குனேன்னுதானண்ணே மொதல்ல சொன்னேன்?" என்றார் அரவிந்த்குமார்.

"அததான் வாபஸ் வாங்கிட்டீகளே."

"நீங்கதான வாங்கச் சொன்னீக?"

"நாங்க சொன்னா? ஒங்களுக்குன்னு ஒரு சொந்தக் கருத்து வேணாமாங்க?"

எனக்கு இந்த இடத்தில் அரவிந்த்குமாருக்காக ஒரு நாற்காலியையாவது தூக்கி எறியலாம் போல இருக்கிறது. ஆனால் அவர் எறியவில்லை. மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணம் மறுபடி நிலுவைக்குப் போகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று, சொந்தபந்தத்துக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று.

இதற்கும் பரிகாரம் கண்டுபிடித்தார்கள். ‘அண்ணனோடு உறங்குவோம்’ என்று தலைப்பு. படத்தை ஒரு பகல் காட்சி மட்டும் திரும்பப் போடுவது. பறவை வந்ததும் மன்றம் மொத்தமும் கண்ணை மூடுவது. முதலில் மூட வேண்டியவர் அரவிந்த்குமார். உறுப்பினர்களுக்கு நற்பணியாகத் தலையணை வழங்கப்பட்டது. அரவிந்த்குமார் வேலை பார்க்கும் கடையிலிருந்துதான் போனது. இந்தப் பஞ்சு சீக்கிரம் அமுங்கும் என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார்.

காட்சிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தேவிபிரியா பின் வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அரவிந்த்குமாருக்குப் பக்கத்தில், மடியில் தலையணையோடு சென்னய்யா. முப்பது வருடத்தில் முதல்முறையாக அவருக்குப் பால் ஊற்றும் வேலை இல்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்து பார்த்தார். துறைமுகச் சண்டையில் இரண்டு கொட்டாவி விட்டார். பறவை தன் குஞ்சை ரெக்கையால் தடவிவிட்டுக் கிளம்பியபோது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மருதுபாண்டி விசில் ஊதினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். சென்னய்யாவும் மூடினார். தலைவர் ஆயிற்றே.

தியேட்டரில் குறட்டைச் சத்தம் எழுந்தது. பாதி உண்மை, பாதி கட்டுப்பாடு. அரவிந்த்குமாரால் மட்டும் மூட முடியவில்லை. கிழிந்த ரெக்கையோடு பறவை அவரைப் பார்த்தது, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. கன்னடத்தில் வந்தது. சென்னய்யா கண்ணை இறுக மூடியபடியே கேட்டார்.

"மாப்ள, அந்தப் பறவ என்ன ஆச்சு?"

"தீவுல எறக்கி விட்டுருச்சு மாமா. அவரு போயிட்டாரு."

"திரும்பி வருவாருல்ல?"

"வரல மாமா. அது பாறை மேல ஒக்காந்திருக்கு."

"குஞ்சு?"

"அதப் பத்தி ஒண்ணுமே காட்டல."

திரை வெளிச்சத்தில் சென்னய்யாவின் மூடிய கண்ணோரம் பளபளத்தது. தலையணையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெளியே ஜெயபாண்டி மைக்கோடு நின்றிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் முறையாகச் சொன்னார்கள். வெறித்தனமான தூக்கம். வேற லெவல் தூக்கம். மருதுபாண்டி, அண்ணன் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது இன்றுதான் புரிந்தது என்றார். பிறகு மைக் அரவிந்த்குமாரிடம் வந்தது. பின்னால் தேவிபிரியா நின்றிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். பதிலைக் கேட்க நிற்பவள் போலத்தான் நின்றாள்.

"எப்படிண்ணே தூக்கம்?"

கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்ற கொள்கை அரவிந்த்குமாருக்குத் திரும்ப வந்துவிட்டது.

"நான் தூங்கல தம்பி. மத்தவுக எப்படியோ, எனக்கு அந்தப் பறவயப் புடிச்சிருக்கு. அதுக்காகப் படத்த இன்னொரு தடவகூடப் பாப்பேன்."

மருதுபாண்டி கையிலிருந்த தலையணை கீழே விழுந்தது. எல்லாரும் சென்னய்யாவைப் பார்த்தார்கள். பாலாமணி மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆவணி இப்போது சென்னய்யாவின் வாயில் இருந்தது.

சென்னய்யா மெதுவாக வந்து மருமகனின் தோளில் கை போட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"மாப்ள இன்னும் முழிக்கல" என்றார். "தூக்கத்துல பேசுறாரு. இங்க நாமெல்லாம் எந்திரிச்சு வெளிய வந்துட்டோம். இவரு மட்டும் கண்ணத் தொறந்துகிட்டே தூங்குறாரு பாத்தீகளா? இப்பேர்ப்பட்ட ரசிகர நான் பாத்ததில்ல."

பிறகு வேட்டு போட்டார்கள். மருதுபாண்டி ஓடிவந்து அரவிந்த்குமாரைத் தோளில் தூக்கினார். ஆழ்ந்து உறங்கியவர் என்று அன்றே ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. அவரை எழுப்பிவிடாமல் இருக்கும்படி போக்குவரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கூட வைத்தார்கள். கூட்டத்துக்குள் தேவிபிரியா பக்கத்தில் வந்து, "முழிச்சுத்தான இருக்கீக?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசலில் இருபதடி அண்ணன் நின்றார். மணமேடையில் சென்னய்யா மருமகனுக்கு மாலை போட வந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில் அவர் காதோரம் குனிந்து, தமிழில் சொன்னார்.

"அன்னைக்குத் தியேட்டர்ல நான் அழுதத யாருட்டயும் சொல்லிராதீக மாப்ள. அண்ணன் இன்னும் அழுகல."